அக்கர்மான்சியா: உயிரற்றதே நன்றாக வேலை செய்தது

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சில வாரங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி, அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்னும் குடல் பாக்டீரியா நீரிழிவையும் உடற்பருமனையும் சேர்த்தே விரட்டிவிடும் என்று அடித்துச் சொல்கிறது. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் என் சித்தி, அந்த மாத்திரையை வாங்கிவிட்டால் பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா என்று கேட்டபோதுதான், இதைச் சற்று விரிவாக எழுதுவது நல்லது என்று பட்டது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்பதுதான் சித்திக்கு நான் சொன்ன முதல் பதில். மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களின் குடலில் இதே பாக்டீரியா பெருகுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கும்போது, அதை விட்டுவிட்டு இதை வாங்குவது விசித்திரமான வியாபாரம்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பாக்டீரியாவை 2004ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தபோது, நுண்ணுயிரியலாளர் அன்டூன் அக்கர்மான்சின் பெயரை அதற்குச் சூட்டினர். இது வாழ்வது குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தில். உண்பதும் அந்தச் சளியைத்தான். காவலாக இருக்கும் படலத்தையே தின்னும் ஓர் உயிரி எப்படி நன்மை செய்யும் என்று கேட்கத் தோன்றும். அது இருக்கும்போது குடற்சுவர் புதுச் சளியைக் கூடுதலாகச் சுரக்கிறது என்பதே எலி ஆய்வுகள் தரும் விளக்கம். கொழுப்பு மிகுந்த தீனியால் மெலிந்துபோன சளிப்படலம் அக்கர்மான்சியாவைக் கொடுத்தபின் மீண்டும் தடித்ததையும், பாக்டீரியா நச்சுகள் இரத்தத்தில் கசிவது குறைந்து, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையான இன்சுலின் எதிர்ப்பு தணிந்ததையும் பெல்ஜியத்தின் பாட்ரிஸ் கானி குழுவினர் 2013இல் வெளியிட்டனர்.

எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது அதற்குப்பின் நடந்ததுதான். ஆக்சிஜன் பட்டால் வாடிவிடும் இந்த உயிரியை 70 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்கி, உயிர்போன நிலையில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; உயிருள்ளதைவிட அது நன்றாக வேலை செய்தது. அதன் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதம் அந்தச் சூட்டிலும் சிதையாமல் நிற்பது இதற்கு ஒரு காரணம் என்று 2017இல் எழுதினார்கள். அடுத்து, 2019இல் வெளியான மனித ஆய்வில், உடற்பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் கொண்ட 32 பேர் மூன்று மாதங்களை நிறைவு செய்தனர். நாளொன்றுக்கு 1,000 கோடி என்ற அளவில் சூடாக்கிய பாக்டீரியாவை உட்கொண்டவர்களுக்கு, வெற்று மருந்து பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் ஏறத்தாழ 29 விழுக்காடு கூடியது; இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 9 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. உடல் எடை சற்றே இறங்கியபோதிலும், புள்ளியியல் கணக்கில் அது உறுதிப்படவில்லை. உயிருள்ளது, சூடாக்கியது, வெற்று மருந்து என மூன்று குழுக்களாகப் பிரிந்த 32 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம் என்பதையும் நம் வாட்ஸப் மருத்துவர்கள் சொல்வதில்லை.

ஆகவே, குப்பியின் மேல் உயிருள்ள பாக்டீரியா எத்தனை கோடி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் பாதுகாப்பானது என்று கருத்துரைத்ததும் சூடாக்கிய வகையைத்தான். அதிலும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அந்தக் கருத்து பொருந்தாது. பார்க்கின்சன் நோயாளிகளின் குடலில் இந்தப் பாக்டீரியா கூடுதலாகக் காணப்படுவதையும் ஒதுக்கிவிட முடியாது. அது காரணமா, விளைவா என்பது இன்னும் தீரவில்லை.

சித்தி அடுத்துக் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. நார்ச்சத்து இல்லாத தீனியில் வளர்ந்த எலிகளின் குடல் பாக்டீரியாக்கள், வேறு இரை இல்லாமல் சளிப்படலத்தையே அரித்து மெலிய வைத்ததாக 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. சளியைத் தின்னத் தெரிந்த அக்கர்மான்சியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. தேக்கா ஈரச்சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரையும் அவரைக்காயும் தட்டில் இல்லாதபோது, மாத்திரையை மட்டும் விழுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். சித்தி இப்போதைக்குக் கீரைக்குச் சம்மதித்திருக்கிறார். மாத்திரையைப் பற்றி அடுத்த முறை மருத்துவரிடமே கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.