‘பைக் ரேஸ்’ என்று எழுதியதால் வீணாய்ப் போன மூன்று வாரம்

ஏற்காட்டு மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம் நடத்தி முடித்து இரண்டு வாரம் ஆகிறது. அனுமதி மனுவோடு அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை. அடுத்து நடத்த நினைப்பவர்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

அடிவாரத்தில் தொடங்கி, ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிற போட்டி. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் எல்லாரையும் ஒன்றாக விட்டால் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழி இருக்காது. அதனால் நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பி நேரம் குறிப்பது என்று முடிவு செய்தோம். மே மாதம் கோடை விழாக் கூட்டம், ஐப்பசி கார்த்திகையில் மழையும் மண்சரிவும். எனவே பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.

மனுவின் தலைப்பில் ‘ஏற்காடு பைக் ரேஸ்’ என்று போட்டதுதான் வினை. எங்கள் கூட்டத்தில் பைக் என்றால் சைக்கிள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மோட்டார் பைக். “மலையில பசங்க விழுந்து சாகறது போதாதா?” என்று மனுவைத் தள்ளிவிட்டார். “சார், இது மிதிக்கிற சைக்கிள்” என்றேன். “எழுதியிருக்கறதைத்தானே பார்க்க முடியும்” என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் இரண்டாவது பத்தியில் சைக்கிள் என்று தெளிவாக இருந்தது. அதுவரை படித்திருக்கலாம்.

‘மிதிவண்டிப் போட்டி’ என்று மாற்றிக்கொண்டு போனேன். இப்போது, கீழே மாநகரக் காவல், மேலே மாவட்டக் காவல், இரண்டு மனு வேண்டும் என்றார்கள். இருபுறமும் காடு வனத்துறையுடையது, ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, அந்த இரண்டு இடத்திலும் கொடுங்கள் என்றார்கள். முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஐந்து நாள் லீவு போட்டிருக்க மாட்டேன். அப்புறம் போனபோது மனுவையே காணோம். ஆளிடம் நேராகக் கொடுத்தால் கணக்கில் வராதாம், தபால் பிரிவில் கொடுத்திருக்க வேண்டுமாம். தயவுசெய்து எந்த மனுவானாலும் ஒரு நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுபடி கொடுத்து அப்படி சீல் வாங்கிய நகலைக் காட்டிய பிறகுதான் எனக்கு மரியாதையாகப் பதில் வந்தது. நான்கு அனுமதியும் கைக்கு வந்தது போட்டிக்கு ஆறு நாள் முன்பு.

விளம்பரத்திலும் அதே சொல் காலை வாரியது. 500 நோட்டீஸ் ‘பைக் ரேஸ்’ என்றே அச்சாகிவிட்டது. “எத்தனை சிசி வரைக்கும் விடுவீங்க?” என்று தினமும் போன். கடைசியில் ஒவ்வொரு நோட்டீஸிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆட்களைக் கொண்டுவந்தது சைக்கிள் கடைக்காரர்களும் பள்ளி பி.டி. மாஸ்டர்களும்தான். நோட்டீஸைச் சுவரில் ஒட்டுவதைவிட அவர்கள் கையில் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம், அதையும் அவர்களே வாங்கித் தந்தார்கள். கட்டணம் வைக்காததால் 63 பேர் பெயர் கொடுத்து 48 பேர்தான் வந்தார்கள். 100 ரூபாயாவது வையுங்கள்.

போட்டி நாள் நன்றாகவே போனது. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றைக் காலை முழுக்கப் பேசி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. வழியில் தண்ணீர் மட்டும் வைத்தோம். வாழைப்பழம் வைத்தால் குரங்குக் கூட்டம் இறங்கிவிடும், அதை மேலே போய்க் கொடுத்தால் போதும். பாதி மலையில் ஒரு சின்னப் பையன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனே அடிக்காமல் அடுத்த வளைவு வரை மெதுவாக வந்தார். அதைப் பார்த்ததும் அத்தனை நாள் அலைச்சலும் கொஞ்சம் மறந்தது.

ஒன்று முக்கியம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. களைத்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது, ரிம்மும் சூடேறும். ஒருவரையும் மிதித்து இறங்க விடவில்லை. இரண்டு டாடா ஏஸில் சைக்கிள்களையும் ஒரு வேனில் ஆட்களையும் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். அந்த வாடகையை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.