சோவெட்டோ டெர்பி: ஒரு பங்காளிச் சண்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே இருக்கும் லெனேசியாவிலிருந்து நாஸ்ரெக்கில் உள்ள எஃப்என்பி மைதானத்துக்குச் சாதாரண நாளில் காரில் அரை மணி நேரம். சோவெட்டோவின் இரண்டு கால்பந்து அணிகளான கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரட்ஸும் மோதும் டெர்பி நாளில் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். மாலை 3:30க்கு ஆட்டமென்றால் பகல் 12 மணிக்கே கிளம்புங்கள். டிக்கெட்டை முன்பே வாங்கிவிட வேண்டும், வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ரியா வாயா பஸ்ஸில் போனால் பார்க்கிங் தொல்லை இல்லை.

இது ஊருக்கு ஊர் வந்த பகை அல்ல, ஒரே வீட்டில் பிறந்த பங்காளிச் சண்டை. ஆர்லாண்டோ பைரட்ஸ் 1937இல் தொடங்கியது. அதில் ஆடிய கைசர் மொட்டாங், 1968இல் அமெரிக்காவின் அட்லாண்டா சீஃப்ஸுக்குப் போனார். திரும்பியபோது பைரட்ஸுக்குள் பூசல். 1970இல் கைசர் சீஃப்ஸ் என்று தனி அணி கண்டார்: முன்பாதி அவர் பெயர், பின்பாதி அட்லாண்டா அணியின் பெயரிலிருந்து வந்தது. பிரிந்து போனவர்களும் இருந்தவர்களும் அதே தெருக்காரர்கள். அதனால்தான் அப்பா பைரட்ஸ், மகன் சீஃப்ஸ் என்று ஒரே வீடு இரண்டாகிறது. லெனேசியாத் தமிழ் வீடுகளும் விலக்கல்ல.

கோப்பை மட்டும் பகையை வளர்க்காது. டர்பன் இந்தியர்கள் 1928இல் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ், தென்னாப்பிரிக்க பிரீமியர் லீகின் முதல் பட்டத்தையே 1997இல் வென்றது. ஆனால் அதற்கு இப்படி ஒரு பங்காளி வாய்க்கவில்லை. இன்று லீகிலும் இல்லை. நினைத்தால் மனம் கனக்கிறது.

மைதானத்தில் இரு தரப்பும் கலந்தே உட்கார்வார்கள். கைகளைக் குறுக்கே வைத்து எலும்புக் குறி காட்டினால் பைரட்ஸ், இரண்டு விரலை உயர்த்தினால் சீஃப்ஸ். தலையில் மகரப்பா: சுரங்கத் தொழிலாளியின் பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் உருவம் வரைந்து, வெட்டி, சூடாக்கி மேலே வளைத்து, பெயின்ட் அடிப்பது. வெட்டிய துண்டு துருத்தி நிற்கும். நெரிசலில் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெரிசலை விளையாட்டாக எடுக்காதீர்கள். இதே இரண்டு அணிகள் மோதியபோது, 1991இல் ஆர்க்னி ஊரில் ஒரு கோல் தகராறு ரசிகர் சண்டையாகி, தப்பி ஓடிய கூட்டத்தில் சிக்கி 42 பேர் இறந்தார்கள். 2001இல் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கொள்ளளவை மீறிக் கூட்டம் உள்ளே தள்ளியதில் 43 பேர். கேட்டில் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினால் முன்னேறாமல் ஓரமாக ஒதுங்குங்கள். குழந்தையைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகாமல் தூக்கிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் 20 நிமிடம் இருக்கையிலேயே இருங்கள், படிக்கட்டு காலியாகிவிடும்.