'டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க': கிராக் டூலுக்குள் என்ன இருக்கிறது

செல்போன் சர்வீஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. போனின் பூட்டைத் திறக்கவும் சாஃப்ட்வேர் ஏற்றவும் காசு கொடுத்து வாங்கும் அசல் அன்லாக் டூல்களே, யாரும் உடைத்துவிடக் கூடாதென்று, நிரலின் உட்பகுதியை மறைக்கும் தெமிடா, விஎம்ப்ரொடெக்ட் போன்ற உறைகளில் பூட்டித்தான் வருகின்றன. வைரஸ் எழுதுகிறவர்களும் அதே உறைகளைப் பயன்படுத்துவதால் விண்டோஸ் டிஃபெண்டர் பல நேரம் இரண்டையும் ஒரே மாதிரி பிடிக்கிறது. 'டிஃபெண்டரை ஆஃப் பண்ணுங்க' என்பது அசலுக்கும் முதல் படி, அதன் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பும் கிராக்குக்கும் முதல் படி. நிஜமான எச்சரிக்கை வந்தாலும் நாம் 'அலோ' கொடுத்துவிடுவோம் என்பது கிராக்கைப் பரப்புகிறவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்தத் தொழிலில் ஆன்டிவைரஸை நம்பி முடிவெடுக்க முடியாது. ஃபைல் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சில அடையாளங்களை மட்டும் மனதில் வையுங்கள். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் டவுன்லோட் பட்டனுக்குக் கீழேயே எழுதியிருந்தால், அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டதல்ல. பிரவுசரும் ஆன்டிவைரஸும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதென்று போட்டது. 10 எம்பி ஜிப்பை விரித்ததும் 700 எம்பிக்கு ஒரே ஒரு ஃபைல் வந்தால், அதில் பெரும்பகுதி வெறும் பூஜ்ஜியங்கள்தான். ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பி வரைதான் ஏற்கும். அதைத் தாண்டிவிட்டால் அங்கே சோதிக்க வழியில்லை.

அடுத்தது 'லோடர்'. டூல் தன் சர்வரிடம் லைசென்ஸ் கேட்கும்போது இடையில் நின்று பொய்ப் பதில் சொல்வதுதான் இதன் வேலை. அதற்காக, எந்த சர்வர் முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே அட்மின் உரிமை கேட்கும். அந்த உரிமையைக் கொடுத்த பிறகு, டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துக்கொள்ள அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். டூல் திறந்து போனையும் சரியாகப் படிக்கிறதே, அப்படியென்றால் சுத்தமான கிராக்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்கிற கிராக்கோடு சேர்த்து அனுப்பினால்தான் திருட்டு நிரல் சந்தேகம் இல்லாமல் ஓடும்.

திருடுவதில் ரெட்லைன், லுமா வகை நிரல்கள் பேர்போனவை. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், ஏற்கெனவே லாகின் ஆனதை நினைவில் வைக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். பல நேரம் தன்னைத்தானே அழித்தும்கொள்ளும். அதனால் மறுநாள் ஸ்கேன் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. குக்கி கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலே கணக்குக்குள் நுழையலாம். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது கடையின் ஜிமெயில் மட்டுமா? பேக்கப் எடுக்கத் திறந்த வாடிக்கையாளரின் கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் வெப், சிம் வாங்க ஸ்கேன் செய்த ஆதார் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

கிராக் வழியாகவே அதிகம் பரவிய இன்னொன்று ஸ்டாப் டிஜேவு ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். பொய்யாக ஒரு விண்டோஸ் அப்டேட் திரையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டும். அதனால்தான் அவ்வளவு வேகம். மாட்டிக்கொண்டால் பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். பணம் கேட்கும் குறிப்பில் உள்ள பர்சனல் ஐடி 'டி1' என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி, அதாவது பலருக்கும் பொதுவான சாவி. எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவச டிகிரிப்டரில் (பூட்டைத் திறக்கும் டூல்) மீள வாய்ப்பு உண்டு.

இனி போன் பக்கம். பழைய கிராக் வெர்ஷனுக்குப் புதிய சிப் தெரியாது. ஒத்துவராத பிரிலோடரை (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) எழுதிவிட்டால் மீடியாடெக் போனில் வைப்ரேஷனும் வராது, திரையும் வராது. 'ஃபார்மட் ஆல்' கொடுத்தால், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் நெட்வொர்க் அளவீடுகளும் இருக்கும் என்விராம் பகுதியும் சேர்ந்து அழியும்: *#06# அடித்தால் ஐஎம்இஐ இருக்காது, வைஃபை பட்டியலில் 'என்விராம் வார்னிங்' என்று வரும். குவால்காம் சிப் போனில் இதே விவரங்கள் இருக்கும் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி பார்டிஷன்களுக்கும் இதே கதி. பெர்சிஸ்ட் பார்டிஷன் போனால் சென்சார், கைரேகை அளவீடுகளும் போகும். எந்த டூலானாலும் எழுதும் முன் இவற்றைப் படித்துப் பேக்கப் எடுத்து, மாடல் பெயரும் ஐஎம்இஐயின் கடைசி 4 இலக்கமும் போட்ட ஃபோல்டரில் வையுங்கள். மொத்தமே சில பத்து எம்பிதான்.

பேக்கப் இல்லை என்பதற்காக அதே மாடலின் வேறொரு போன் பேக்கப்பை ஏற்றுவது பெரிய தவறு. இரண்டு போனுக்கும் ஒரே ஐஎம்இஐ ஆகிவிடும். இந்தியாவில் வேண்டுமென்றே ஐஎம்இஐயை மாற்றுவது குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சாஃப்ட்வேர் கோளாறுகளில் கணிசமானவற்றுக்குக் கிராக் தேவையே இல்லை. சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், மோட்டோரோலாவுக்கு அவர்களின் ரெஸ்க்யூ டூல், பிக்சலுக்குப் பிரவுசரிலேயே ஓடும் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் என்று கம்பெனிகளே இலவசமாகத் தருகின்றன. அதற்கு மேல் வேண்டுமானால் அசல் டூலுக்கு 3 மாத ஆக்டிவேஷன் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டெட் போனுக்கு வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய பதிலோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

அசல் டூல் ஆனாலும் ஃபிளாஷிங்குக்கு ஒரு பழைய லேப்டாப்பைத் தனியாக ஒதுக்குங்கள். அதில் ஜிமெயில் வேண்டாம், பில்லிங் வேண்டாம், மற்ற கம்ப்யூட்டரோடு ஃபோல்டர் ஷேரிங்கும் வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் இதற்குச் சரிவராது: மீடியாடெக் போன் பூட்ராம் மோடில் (சிப்புடன் நேரடியாகப் பேசும் நிலை) சில நொடிகளே தலைகாட்டும், யுஎஸ்பி உள்ளே கைமாறுவதற்குள் இணைப்பு போய்விடும்.

ஏற்கெனவே ஓடவிட்டிருந்தால், முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, கூகுளில் எல்லா டிவைஸ்களிலும் சைன் அவுட் செய்து, வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைஸ்களையும் நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய லாகின்களை அப்படியே விடாதீர்கள். பிறகு வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த 8 ஜிபி பென்டிரைவால் டிஸ்க்கை முழுதும் அழித்து விண்டோஸ் போடுங்கள். பழைய பேக்கப்பிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள், செட்டப் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் யாருடைய கூகுள் கணக்கெல்லாம் திறந்து இருந்ததோ, அந்த வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்கே போன் செய்து விஷயத்தைச் சொல்லி, அவர்களையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லுங்கள்.