இடது பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்காது

2024 மார்ச் 10, ஞாயிறு

டீச்சருக்கு லைசென்ஸ் வந்து இருபது நாளாகிறது. (டீச்சர் என்பது என் மனைவி. ஒத்தக்கடைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை.) ஐயர் பங்களாவிலிருந்து மாட்டுத்தாவணி போய் இன்னொரு பஸ் மாறுவதில் அலுத்துப் போய், "காரை நான் எடுக்கலாமா கூடாதா?" என்று இன்று கேட்டுவிட்டாள்.

"தாராளமா எடு. வண்டிக்கு நாலு பழக்கம் இருக்கு, சொல்லித் தர்றேன்."

"சொல்ல வேண்டாம். சொல்ல ஆரம்பிச்சா நீங்க வேற எங்கிட்டாவது போயிருவீங்க. எழுதிக் குடுங்க."

எங்களுடையது 2003 மாருதி 800, வெள்ளை. 2011-ல் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரிடம் வாங்கியது. நான் கணக்கு எழுதும் கடை மேலமாசி வீதியில் இருக்கிறது. அங்கே காரில் போனால் நிறுத்த இடம் தேடியே மதியமாகிவிடும், அதனால் எனக்கு பைக்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, கல்யாணம் காட்சிக்கு, மழைக்கு என்று கார் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும்.

நாலு பழக்கம் என்று எழுத உட்கார்ந்தேன். சாவியைப் போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும், அது நின்ற பிறகுதான் செல்ப் அடிக்க வேண்டும். டிரைவர் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். காலையில் முதல் இரண்டு நிமிடம் செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. பெட்ரோல் முள் கால் டேங்கைக் காட்டினால் கால் டேங்க் இருப்பதாக அர்த்தமில்லை, உடனே பங்குக்குப் போக வேண்டும். ஸ்டியரிங் நேராக இருந்தால் ஹாரன் அடிக்கும். வலது பக்கம் திருப்பினாலும் அடிக்கும். இடது பக்கம் திருப்பினால் அடிக்காது. டிரைவர் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியை உள்பக்கம் அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும், ஏற்ற இன்னொரு கையால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றரைப் பக்கம் ஆனது. படித்துவிட்டு, "இது காரா, மாமியாரா?" என்றாள். அம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஒன்றரைப் பக்கத்தில் எதையாவது அடித்துவிடலாம் என்று கண்ணாடிக் கைப்பிடியில் கைவைத்தேன். இதைக் கழற்ற ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படாது. கைப்பிடிக்குப் பின்னால் மறைவாக ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவே நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் துணி கிளிப்பில் மாட்டி அதைத் தள்ளிவிடும். பட்டறை அண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கிளிப் துள்ளும்போது எங்கே போகும் என்று அவர் சொல்லித் தரவில்லை. அரை மணி நேரம் தேடி செம்பருத்தித் தொட்டியில் எடுத்தேன்.

கைப்பிடியின் உள்பக்கப் பல் மழுங்கிப் போயிருந்தது. புதுசு 60 ரூபாய். கிளிப்பை முதலில் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தண்டில் வைத்துக் கையால் ஒரு குத்து குத்தினால் 'டிக்'கென்று உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்த பிறகு ஓட்டிப் பார்த்தால் வலது முட்டியில் இடிக்கிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசிக்காமல் மாட்டியிருக்கிறேன். மறுபடி வேட்டித் துணி, மறுபடி துள்ளல். இந்தத் தடவை கதவின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன்.

ஒரு வரி அடித்தாயிற்று. ஹாரனுக்கு ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும், அது என் கைக்கு மிஞ்சினது.

மார்ச் 26, செவ்வாய்

வேம்பு பூத்துவிட்டது. காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பொரி தூவியது போல. வைப்பர் போட்டேன், பூவெல்லாம் கீழே சரிந்து போய்விட்டது. நல்ல வாசனை.

ஏப்ரல் 6, சனி

வண்டி ஸ்டார்ட் ஆனதும் மொத்தமும் உதறியது. கண்ணாடியில் தொங்கும் முருகன் டாலர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தே மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது. உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அண்ணன் என்ஜினை ஓட விட்டு, கட்டிங் பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதலாவதைப் பிடுங்கியபோது என்ஜின் திணறியது. இரண்டாவதுக்கும் திணறியது. மூன்றாவதைப் பிடுங்கினால் எந்த மாற்றமும் இல்லை. "இந்தா இவருதான் வேலைக்கு வரல. மூணு பேரு பாக்குற ஆபீஸ்ல ஒருத்தர் லீவு போட்டா எப்படிண்ணே?" என்றார். இந்த வண்டிக்கு 796 சிசியில் மூன்றே சிலிண்டர்.

ஒயரை வளைத்துக் காட்டினார். எலி கடித்து உள்ளே கரி தெரிந்தது. ஏர் பில்டர் டப்பாவுக்குப் பின்னால் தேங்காய் நார், பால் கவர் துண்டு, பாதி முறுக்கு. முறுக்கு எங்கள் வீட்டுடையதுதான், சுற்று பார்த்தாலே தெரியும்.

ஒயர் செட்டுக்கு வடக்கு வெளி வீதியில் ஒரு ஸ்பேர் கடைக்குப் போனேன். 800-க்கு என்றதும் கடைக்காரர் மேலே ஏறக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார். 2014 ஜனவரியில் நிறுத்திய வண்டிக்கு இன்னும் சாமான் கிடைக்கிறதே என்றேன். "ஆம்னிக்கும் இதே 796 என்ஜின்தான சார். அது 2019 வரைக்கும் வந்துச்சு. அது ஓடுற வரைக்கும் உங்களுக்கும் கவலை இல்ல." எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அடுத்த தெருவில் கறிக்கடை ஆம்னியைப் பார்த்தால் இனி மரியாதையாக ஒதுங்க வேண்டும்.

எலிக்கு ஆளுக்கொரு வைத்தியம். புகையிலையைத் துணியில் முடிந்து கட்டு, ரசகற்பூரம் போடு, ராத்திரி பானெட்டைத் திறந்து வை, வெளிச்சம் பட்டால் வராது. கடைசியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பானெட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று, "என்ன சார், வண்டி நின்னு போச்சா?" என்று கேட்கிறார்கள். நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒருவர் காலிங் பெல் அடித்துக் கேட்டார். புகையிலைக்கு மாறிவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மீனாட்சி கோயிலில் திருவிழாக் கொடியேறிக் கூட்டம் நெரிகிறது என்பதால் தெப்பக்குளம் மாரியம்மனைக் கும்பிட்டு வரலாம் என்று கிளம்பினோம். டீச்சர் ஓட்டினாள். நான் பக்கத்தில், அம்மா பின்னால்.

திரும்பும்போது கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டோம். பத்தடி நகர்வது, நிற்பது. ஏசியில் சில்லென்று வந்துகொண்டிருந்த காற்று மெல்ல வெதுவெதுப்பானது. முள்ளைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் சாதுவாக நிற்கும் டெம்பரேச்சர் முள், சிவப்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஏசியை அணைத்து, ஹீட்டர் நெம்பைக் கடைசி வரை தள்ளி, புளோயரை முழு வேகத்தில் போட்டேன். ஹீட்டர் என்பது வண்டிக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினில் சுற்றிவரும் சுடுநீர் அதற்குள்ளும் ஓடும், புளோயர் அந்தச் சூட்டை நம் முகத்தில் அடித்து வெளியே தள்ளும். தத்துவம் சரி. சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி, மதுரை என்பதுதான் இடறுகிறது.

"என்னடா, அடுப்புக்குள்ள உக்கார வச்சுட்ட?" என்றார் அம்மா.

டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். முள் ஏறாமல் நின்றது, இரண்டு மில்லிமீட்டர் இறங்கக்கூடச் செய்தது. தமுக்கம் தாண்டி ஒரு மர நிழலில் ஓரங்கட்டினோம்.

பானெட்டைத் திறந்ததும் நாலு பேர் கூடினார்கள். ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார், கையைப் பிடித்துத் தடுத்தேன். மூடி அழுத்தம் கொடுத்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் உள்ளே இருக்கிறது. திறந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். "அதெல்லாம் துணியப் போட்டுத் திறக்கலாம்ண்ணே" என்றார். வேண்டாம் என்றேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். முக்கால் மணி நேரம் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு காத்திருந்தோம். அம்மாவுக்கு ஐஸ் போடாமல்.

நின்ற நேரத்தில் கவனித்தது ஒன்றுதான். இவ்வளவு சூட்டிலும் ரேடியேட்டர் பேன் சுற்றவில்லை. ஓடும்போது எதிர்காற்று போதும், நெரிசலில்தான் பேன் வேண்டும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அரை நாள் லீவு. பட்டறை அண்ணன் பியூஸ் பார்த்தார், சரி. ரிலே மாற்றிப் பார்த்தார், சரி. பேன் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார். பேன் சும்மா இருந்தது. பிறகு பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து மோட்டார் முதுகில் பைய இரண்டு தட்டு. விர்ரென்று கிளம்பிவிட்டது.

"கார்பன் தேஞ்சிருச்சு. தட்டுனா ஒட்டிக்கிடும், அப்புறம் விட்டுரும்." (கார்பன் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தில் உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் சின்னக் கரிக்கட்டி.)

புது மோட்டார் வாங்கலாம். ஆனால் அண்ணன் அதற்கு விடவில்லை. மோட்டாரை மட்டும் கழற்றிக் கொடுத்து, மிக்ஸிக்கும் தண்ணி மோட்டாருக்கும் காயில் கட்டும் கடைக்கு என்னை அனுப்பினார். கடையில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பழைய கார்பனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்து, மிக்ஸி கார்பன்களில் கொஞ்சம் பெரியதாக இரண்டைப் பொறுக்கி, உப்புத்தாளைத் தரையில் விரித்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்ப்பது, கூட்டில் விட்டுப் பார்ப்பது, எடுத்து மறுபடி தேய்ப்பது. விரலெல்லாம் கருப்பு. இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, லொடலொடவென்றும் ஆடக் கூடாது. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தள்ளத் தள்ள அது தானாக முன்னால் வழுக்கி வர வேண்டுமாம். இருபது நிமிடம் ஆனது. 120 ரூபாய் கேட்டார், 150 கொடுத்தேன். மீதி முப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாட்டி, நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட விட்டோம். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் பேன் தானாகச் சுற்றியது, முள் இறங்கியது, பேன் நின்றது. மூன்று தடவை இதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கினார். வண்டியை எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் பீச்சுகிறவர்களிடம் நனைந்து திரும்பினேன்.

மே 4, சனி

முன் டயர் இரண்டும் வழுக்கை. டயர் கடையில் 145/70 ஆர்12 இல்லை. "ஆல்டோவோட 145/80 போட்டுக்கங்க சார், எல்லாரும் அதத்தான் போடுறாங்க" என்றார். கணக்கு எழுதுகிறவனிடம் போய்ச் சொல்லலாமா? உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். விட்டம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. நாலு சக்கரத்துக்கும் போட்டால், உண்மையில் 60-ல் போகும்போது மீட்டர் 57-க்குக் கீழே காட்டும். முன்னால் மட்டும் போட்டால் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும். மூன்று நாள் பொறுங்கள், வரவழைத்துத் தருகிறேன் என்றார். பொறுத்தேன். மூன்று நாள் என்பது ஒன்பது நாள் ஆகியிருக்கும் என்று இப்போதே தெரியும்.

மே 19, ஞாயிறு

நேற்று சாயங்காலம் நல்ல மழை. காலையில் கதவைத் திறந்தால் இடது பக்க மிதியடி சொத்சொத்தென்று ஈரம். தூக்கினால் அடியில் அரை டம்ளர் தண்ணீர்.

முதலில் ஏசித் தண்ணீர் என்று நினைத்தேன், டிரெய்ன் குழாய் அடைத்தால் அது உள்ளேதான் ஒழுகும். ஆனால் நேற்று வண்டியை எடுக்கவே இல்லை. அடிப்பலகை துருப்பிடித்து ஓட்டையா? போன வருடம் ஆர்சி புதுப்பிக்க 5000 ரூபாய் கட்டி எப்சி (தகுதிச் சான்று) காட்டியபோது கீழே படுத்துப் பார்த்தார்கள், அடி சுத்தம். (2018-ல் முதல் தடவை புதுப்பித்தபோது இதே வேலைக்கு 600 ரூபாய். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.)

மக்கில் தண்ணீர் எடுத்து முன் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். இரண்டாவது மக்குக்கு புளோயர் டப்பா விளிம்பிலிருந்து ஒரு சொட்டு என் காதில் விழுந்தது.

வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடையைக் கழற்றினால் மார்ச் மாதம் முழுவதும் அங்கே இருந்தது. நான் வைப்பர் போட்டுத் தள்ளிவிட்ட அத்தனை வேப்பம்பூவும் மட்கி, இலையும் தூசியும் சேர்ந்து, களிமண் போல ஓரத்து வடிகாலை அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் காற்று இழுக்கும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. நடுவில் ஒரு வேப்பங்கன்று வேறு, இரண்டு இலையோடு.

ஸ்க்ரூ டிரைவர் நுழையவில்லை. விளக்குமாற்றில் நாலு ஈர்க்குச்சி உருவி, சேர்த்துப் பிடித்துக் குடைந்தேன். குபுக்கென்று வழிந்து சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்க இன்னும் இரண்டு மக் ஊற்றச் சொன்னேன்.

மரத்தடியில் நிறுத்தாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மே 21, செவ்வாய்

மிதியடி காம்பவுண்ட் சுவரில் காய்கிறது. தெருநாய் அதன்மேல் படுக்கப் பார்க்கிறது.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. டீச்சர் முதல் தடவையாகத் தனியாகக் காரில் போனாள். என் ஒன்றரைப் பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். கைப்பிடி வரியும், டயர் பற்றிப் பின்னால் சேர்த்த வரியும் அடிக்கப்பட்டிருந்தன. டிக்கியில் ஒரு கிளட்ச் கேபிள் எக்ஸ்ட்ரா இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தேன். அதை நான் சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

எட்டே காலுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காதே என்று நான்தான் எழுதியிருக்கிறேன். எட்டு ஐம்பதுக்கு அவளே கூப்பிட்டாள். யானைமலை நிழலில் நிறுத்தியிருக்கிறாளாம். முள் நடுவில்தான் இருந்ததாம்.

சாயங்காலம் நான் கொஞ்சம் முன்னதாகவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், முனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஹாரன் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

டப் டப் என்று சத்தம் கேட்டது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வலது கையை வெளியே விட்டு, டவுன் பஸ் கண்டக்டர் போலக் கதவைத் தட்டிக்கொண்டே திரும்பினாள். பையன்கள் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஒதுங்கினார்கள்.