கூடாரத்தில் உறங்க முதலில் தரையைக் கவனியுங்கள்

கூடாரத்தில் தூக்கம் கெடுவதற்குக் குளிர்காற்றையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் உடற்சூட்டைப் பெரிதும் இழுத்துக்கொள்வது தரைதான். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், படுத்தவுடன் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியிலுள்ள பஞ்சு நசுங்கி, அதில் தங்கியிருந்த காற்று வெளியேறிவிடுவதால், அந்தப் பக்கத்தில் அது குளிரை அதிகம் தடுப்பதில்லை. ஆகவே பணத்தை முதலில் விரிப்புக்குச் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

விரிப்பு வெப்ப இழப்பை எந்த அளவு தடுக்கும் என்பதை ‘ஆர்’ மதிப்பு காட்டுகிறது. கோடைக்கு 2 போதும். உறைபனிக்கு 5க்குக் குறையாதிருப்பது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் கூடும் என்பதால், காற்று மெத்தையின் அடியில் ஃபோம் விரிப்பு ஒன்றைப் போடுவதே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. முள் குத்திக் காற்று இறங்கினாலும் அடியில் ஒன்று மிஞ்சும்.

மெத்தையை விறைப்பாக ஊதாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பு சற்றே அமிழ்ந்து, ஆனால் தரையில் இடிக்காமல் நிற்கும் அளவுக்குக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுச் சரிசெய்யுங்கள். இரவு குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்று சுருங்கி மெத்தை தளர்வதை ஓட்டை என்று எண்ணிவிட வேண்டாம். உறங்கும் முன் இன்னும் சிறிது ஊதினால் போதும். இடம் சரிவாக இருந்தால், தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள்.