ஆண்டவர் எங்கே வருகிறார்?

மே 5
அம்மாவின் மெடிக்கல் ரிப்போர்ட் வரவில்லை. திங்கட்கிழமை என்கிறார்கள். அம்மா கேட்கவே இல்லை.

மே 6
சபையின் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிகிற அன்று பிள்ளைகளுக்குப் போட 'தி அயர்ன் ஜயண்ட்' படத்தைச் சொன்னேன். பிராட் பேர்ட் இயக்கி 1999-இல் வந்த கார்ட்டூன். "அதில் ஆண்டவர் எங்கே வருகிறார்?" என்றார் ஐயர், எங்கள் சபைப் போதகர். வருவது ஒரு சாப்பாட்டு ஜெபம்தான். இரும்பு ராட்சதனின் கை வீட்டுக்குள் உலாவுவதைப் பார்த்துப் பதறிக்கொண்டே ஹோகார்த் என்ற சிறுவன் உளறுகிற ஜெபம். அதை வைத்து நான் வாதாட மாட்டேன். எஸ்தர் புத்தகத்தில் ஓரிடத்திலும் தேவனுடைய பெயர் இல்லை, அதுவும் வேதம்தானே என்று மட்டும் கேட்டேன். "யோசிப்போம்" என்றார்.

மே 7
அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மே 8
தூக்கமில்லை. எதிர்வீட்டு அக்கா சொன்னதே மண்டைக்குள் ஓடுகிறது. "அடுத்தவருக்காக உயிரைக் கொடுத்தா அது உங்க மதமா? சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் சதையையே அறுத்துக் கொடுக்கலையா?" நியாயம். ஊரைக் காக்க ராட்சதன் ஏவுகணையை நோக்கிப் பறக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுதுவிடுவேன். ஆனால் அந்தத் தியாகத்தை மட்டும் காட்டி நம்முடையது என்று சொந்தம் கொண்டாட முடியாது.

என்னை விடாமல் பிடித்திருப்பது படத்தின் ஆரம்பம். மின் நிலையத்துக் கம்பிகளில் சிக்கி ராட்சதன் துடிக்கிறான். ஹோகார்த் பயந்து ஓடுகிறான். ஓடியவன் திரும்பி வந்து சுவிட்சை இழுத்துக் கரண்டை நிறுத்துகிறான். ராட்சதன் நல்லவனா கெட்டவனா, எதற்காகச் செய்யப்பட்டவன், ஒன்றும் தெரியாது. ஆயுதம் என்பது பிறகுதான் தெரியவருகிறது. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று யோவான் எழுதுகிறாரே, அதைத்தான் இங்கே பார்க்கிறேன். தகுதி பார்க்காமல் ஒருவன் முந்திக்கொண்டு நேசித்தான். அதனால்தான் ஆயுதமாக இருக்கமாட்டேன் என்று ராட்சதனால் சொல்ல முடிகிறது. இதற்கு மேல் என்ன லேபிள் வேண்டும்?

மே 9
நேற்று எழுதியதை ஐயருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

மே 10
படத்தின் கடைசியில், வெடித்துச் சிதறிய ராட்சதனின் துண்டுகள் ஐஸ்லாந்தில் ஒன்றுசேரத் தொடங்குவது உயிர்த்தெழுதலா என்று சின்னவள் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "ஆச்சிக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

மே 11
ஐயர் போன் செய்தார். சனிக்கிழமை போடலாம், முன்னால் ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லவேண்டுமாம். முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் என் படத்தைத்தான் பார்ப்பார்கள். முடிந்த பிறகு அவர்களையே பேசவிடுங்கள் என்றேன். அதற்கும் "யோசிப்போம்".

பத்தரைக்கு ரிப்போர்ட். ஆட்டோ வந்துவிட்டது.