ரகுராஜ்பூர்: தூரிகை தொடும் முன்பே பாதி ஓவியம்

பூரி ஜகந்நாதரைப் பார்க்கப் போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் கோவில், கடற்கரை, கோனார்க், சிலிகா ஏரி என்று சுற்றிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில், பட்டசித்திரம் என்னும் துணி ஓவியம் உருவாகிற ரகுராஜ்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பூரியிலிருந்து புவனேஸ்வர் போகும் நெடுஞ்சாலையில் சந்தன்பூர் என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே திரும்பி, தென்னையும் பனையும் நிற்கிற பாதையில் கொஞ்ச தூரம் போனால் ரகுராஜ்பூர். பக்கத்தில் பார்கவி ஆறு. பூரியிலிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம்.

எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுத்தெருவில் சின்னச் சின்னக் கோவில்கள். அவ்வளவுதான் ஊர். நூற்றுச் சொச்சம் வீடுகள் இருக்கும். ஏறக்குறைய எல்லாமே கலைஞர்களின் வீடுகள். சுவரெல்லாம் ஓவியம். திண்ணைக்குத் திண்ணை யாராவது குனிந்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். 2000-இல், பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இதைப் பாரம்பரியக் கிராமமாக எடுத்துக்கொண்டது. ஒடிசி நடனத்தின் பெரிய குரு கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் இதுதான். சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் கோட்டிபுவா ஆட்டமும் இங்கே உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே தொடப்போவதில்லை.

நானும் அம்மாவும் காலையிலேயே போய்விட்டோம். ஊருக்குள் கால் வைத்ததும் முதல் நாலைந்து வீடுகளிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஓவியம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டுமானால் தெருவின் மறுகோடி வரை நடந்துவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் வீட்டில்தான் பேச நேரம் கிடைக்கும். அப்படி நாங்கள் உட்கார்ந்த வீட்டில் ஓவியர் திண்ணையில் வரைந்துகொண்டிருந்தார். எனக்கு ஓரளவு ஹிந்தி வரும் என்பதால் பேச்சு ஓடியது. அம்மா திண்ணையில் நிற்கவே இல்லை, நேராக உள்ளே முற்றத்துக்குப் போய்விட்டார். அங்கே ஓவியரின் தாயார் ஒரு மண்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து பாருடி, புளியங்கொட்டை!" என்று அம்மா குரல் கொடுத்தார்.

பட்டசித்திரம் அந்தச் சட்டியில்தான் தொடங்குகிறது. புளியங்கொட்டையை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பசையாக்குகிறார்கள். பழைய பருத்திப் புடவையைத்தான் துணியாக எடுக்கிறார்கள். துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய், மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். புதுத்துணி சரிப்படாது என்றார் அந்தப் பெரியம்மா. ஒரு துணியை விரித்து, பசையைத் தடவி, அதன் மேல் இன்னொரு துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் வெள்ளைக் கல்லை மாவாகப் பொடித்து அதே பசையில் குழைத்து இரண்டு பக்கமும் பூச்சு. மறுபடி வெயில்.

அப்புறம்தான் உடம்பு நோகும் வேலை. காய்ந்த துணியைத் தரையில் விரித்து, முதலில் சொரசொரப்பான கல்லால், பிறகு வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். பெரியம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, தோளிலிருந்து பலம் கொடுத்துத் தேய்த்தார். ஒரு கோணத்தில் சாய்த்துப் பார்க்கிறார். மங்கலாகத் தெரியும் இடத்தை விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு மறுபடி அங்கேயே தேய்க்கிறார். தேய்த்து முடித்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு புடவைத்துண்டுகள் என்று சொன்னால் நம்ப முடியாது. பதப்படுத்திய தோல் போல விறைப்பாக, வழவழவென்று இருந்தது. இதைத்தான் பட்டா அல்லது பட்டி என்கிறார்கள். இந்த வழவழப்பு இல்லாவிட்டால் முடியளவு மெல்லிய கோடு ஓடாது. துணியின் இழையில் தூரிகை தட்டி நிற்கும், வண்ணம் உறிஞ்சிப் பரவிவிடும்.

அம்மாவுக்கு ஒடியா தெரியாது, பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் இருவரும் அந்தச் சட்டியை வைத்தே கால் மணி நேரம் பேசினார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கும் பலகையில் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம் என்று நான் ஹிந்தியில் சொல்ல, ஓவியர் அதை ஒடியாவில் சொல்ல, பெரியம்மா அதெல்லாம் தெரிந்ததுதான் என்பது போலத் தலையாட்டிவிட்டுக் கிளறலைத் தொடர்ந்தார்.

இனி வண்ணம். ஓவியர் தேங்காய்ச் சிரட்டைகளில் வைத்திருந்தார். வெள்ளை, சங்கிலிருந்து. சங்கை உடைத்து இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, விளாம்பிசின் சேர்த்து மெல்லக் காய்ச்சி எடுப்பது. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், செம்மண் நிறத்துக்குக் காவிக்கல். கறுப்புக்கு விளக்குக்கரி: எரியும் திரிக்கு மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துப் படிகிற கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் துணியில் பிடித்து வைப்பது விளாம்பிசின்தான். ஓவியர் அந்தப் பிசின் கட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், வெளிச்சத்தில் தேன் நிறம். சாதிலிங்கத்தில் பாதரசமும் அரிதாரத்தில் ஆர்சனிக்கும் இருக்கின்றன. இரண்டும் நஞ்சு. பழங்காலத்துச் சிவப்பும் மஞ்சளும் அவ்வளவு கண்ணைப் பறிப்பது இந்தக் கற்களால்தான் என்றாலும், அவற்றைத் தினமும் அரைத்த கைகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது பல வீடுகளில் போஸ்டர் கலர் வந்துவிட்டது. இவரும் மறைக்கவில்லை. சின்னப் படங்களுக்குக் கடையில் வாங்கும் வண்ணம், பெரிய படங்களுக்கும் கேட்டுச் செய்யச் சொல்கிறவர்களுக்கும் கல் வண்ணம் என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கல் வண்ணம் கொஞ்சம் அடங்கி நிற்கிறது. பளபளப்பு இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடை வண்ணம் போட்டதாலேயே ஒரு படத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கோடு நன்றாக இருந்தால் படம் நன்றாக இருக்கிறது. விலை சொல்லும்போது எது என்று உண்மையைச் சொன்னால் போதும்.

நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் ஓவியர் சிரித்துக்கொண்டே, பாதி முடிந்த ஒரு படத்தை எடுத்துப் போட்டார். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு குதிரைகளில் ஜகந்நாதரும் அண்ணன் பலபத்திரரும், நடுவில் தலையில் பானையோடு ஒரு தயிர்க்காரி. காஞ்சி விஜயம். 15-ஆம் நூற்றாண்டு கஜபதி மன்னர் புருஷோத்தம தேவரைப் பற்றி ஒடிசாவில் சொல்லப்படும் கதை இது. தேரோட்டத்தின்போது மன்னரே தேரைப் பெருக்குவது பூரி வழக்கம். பெருக்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று காஞ்சி மன்னர் மறுத்துவிட, கஜபதி படையெடுத்துப் போகிறார். அவருக்காக ஜகந்நாதரும் அண்ணனும் குதிரை வீரர்களாக முன்னால் போகிறார்கள். வழியில் தாகத்துக்கு மாணிக்கா என்ற தயிர்க்காரியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, பின்னால் வரும் ராஜா பணம் தருவார் என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். அந்த மோதிரத்தைப் பார்த்துத்தான் மன்னருக்குத் தெய்வம் துணை வந்தது தெரிகிறது. காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோவிலும் என்றிருந்த எங்களுக்கு, அது எதிரி நாடாக வரும் கதையைக் கேட்பது புதிதாக இருந்தது. அம்மா கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "தயிர்க்காரிக்குக் காசு கெடைச்சுதா, அதக் கேளு" என்றார். கிடைத்தது, நிலமே கிடைத்தது என்று பதில் வந்தது.

அந்தப் படம் பாதியில் நின்றதால்தான் வரிசை புரிந்தது. முதலில் போடுவது சட்டம்: நான்கு பக்கமும் பூவும் கொடியுமாகக் கரை. அதற்குள்தான் கதை. உருவங்களைப் பென்சில் இல்லாமல் தூரிகையாலேயே மெல்லிய நிறத்தில் கோடிழுப்பது பழைய முறை. பிறகு பின்னணிக்குச் சிவப்பு, உடம்புகளுக்கு அவரவர் நிறம், உடை, நகை. யாருக்கு எந்த நிறம் என்பதில் ஓவியருக்குச் சுதந்திரம் குறைவு. கிருஷ்ணர் நீலம், ராமர் பச்சை, பலராமர் வெள்ளை. கூரிய மூக்கு, காதை நோக்கி நீளும் கண், சின்ன முகவாய் என்று முகத்துக்கும் இலக்கணம் இருக்கிறது.

இந்த வண்ணம் நிரப்பும் வேலையை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்வது வழக்கம். கடைசியில் கறுப்புக் கோடு. அது மூத்தவர் கைக்குத்தான் போகும். அது வரை தட்டையாகக் கிடந்த நிறத்திட்டுகள், கோடு விழ விழ விரலாகவும் இமையாகவும் மாறுவதை எங்கள் கண்ணெதிரே பார்த்தோம். எலி முடியில் கட்டிய தூரிகை. நுனியில் சில முடிகள்தான். சுண்டுவிரலைப் பட்டாவில் ஊன்றி, மூச்சை அடக்கி, வெள்ளைக் குதிரையின் கழுத்தை ஒரே இழுப்பில் காதிலிருந்து மார்பு வரை கொண்டுவந்தார். தூரிகையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். அப்புறம் கடிவாளத்தில் வெள்ளைப் புள்ளிகள், ஒன்றை ஒன்று தொடாமல்.

எல்லாம் முடிந்ததும் மெருகு. அந்தக் காலத்தில் படத்தைத் தணலின் சூட்டில் காட்டி, அரக்குப் பொடி தூவித் துணியால் தேய்த்தார்கள். தண்ணீர் பட்டாலும் கெடாது. இப்போது வார்னிஷ்.

பூரிக் கோவிலுக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவை இங்கே உட்கார்ந்துதான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஆனி மாத வாக்கில் வரும் ஸ்நான பூர்ணிமை அன்று மூன்று மூர்த்திகளுக்கும் 108 குடம் நீராட்டு. மரத்தால் ஆன திருமேனிகள். நீராட்டில் வண்ணம் கரைந்துவிடும். சுவாமிக்குக் காய்ச்சல் என்று சொல்லி, புது வண்ணம் தீட்டி முடிகிற இரண்டு வாரம் தரிசனம் கிடையாது. அந்த அனசர நாட்களில் பக்தர்கள் கும்பிடுவது துணியில் தீட்டிய மூன்று ஓவியங்களைத்தான். அவற்றைத் தீட்டுவது பரம்பரை சித்ரகார் குடும்பங்கள், விரதம் இருந்து. சுவாமியின் இடத்தில் ஓவியம் நின்று பூஜை வாங்கிக்கொள்கிறது. ஒரு கலைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஆனால் மரியாதை சோறு போடுவதில்லை. 1950-கள் வரும்போது தூரிகை பிடிக்கிறவர்கள் மிகச் சிலரே இந்த ஊரில் மிஞ்சியிருந்தார்கள். தொண்டு நிறுவன வேலையாக ஒடிசாவுக்கு வந்த ஹலினா ஸீலி என்ற பெண்மணி இவர்களைத் தேடி வந்து, வரையச் சொல்லி ஊக்கப்படுத்தி, வெளியே வாங்க ஆள் தேடிக் கொடுத்தார். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வயலுக்கும் போயிருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரியில் கரையேறியபோது கூரைகள் போயின, மரங்கள் சாய்ந்தன, விற்க வைத்திருந்த படங்கள் நனைந்து நாசமாயின. திரும்பவும் துணி ஒட்டுவதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் பனையோலைச் சித்திரம். ஓலைகளை நூலால் கோத்து விரிப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்குகிறது. நம் ஓலைச்சுவடிக்கு மை ஏற்றியதும் இதே வழிதான். அங்கே கஞ்சப்பா என்னும் வட்டமான விளையாட்டுச் சீட்டுகளும் பார்த்தோம், இதே பட்டாவில் வெட்டி வரைந்தவை. கட்டு ஒன்றுக்கு 96 சீட்டு, தசாவதாரக் கட்டு என்றால் 120.

நாங்கள் வாங்கியது உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய ஒரு தயிர்க்காரி. கல் வண்ணம். படத்தின் மூலையில் கையெழுத்து இல்லை. பெயர் எழுதித் தரட்டுமா என்று ஓவியர் கேட்டார். அம்மா உள்ளே கைகாட்டி, "அவங்க பேரையும் சேத்து எழுதச் சொல்லு" என்றார். ஓவியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்பக்கம் இரண்டு பெயரையும் ஒடியாவில் எழுதினார்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறும் முன் போனால் துணி ஒட்டுவதும் தேய்ப்பதும் பார்க்கக் கிடைக்கும், மதியத்துக்கு மேல் போனால் விற்பனை மட்டும்தான். எது கல் வண்ணம் என்று கேளுங்கள், சொல்வார்கள். பேரம் பேசுவதற்கு முன் முற்றத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பட்டாவை மடிக்கக் கூடாது, சுருட்டலாம். குழாய் போன்ற உறை அவர்களிடமே இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பூரிக் கோவிலுக்குள் போகும்போது காஞ்சி கணேசர் எங்கே என்றும் விசாரியுங்கள். அந்தப் போரில் காஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் பிள்ளையார் அங்கேதான் இருக்கிறார்.